மீதி அறுபத்தாறு

“ஆறுதான் சார் எடுத்திருக்கீங்க. இன்னும் அறுபத்தாறு பாக்கி இருக்கு” என்றாள் ஃபிலிம் கழுவும் கடைப் பெண், கேமராவின் உச்சந்தலையில் இருந்த சின்ன வட்டத்தை நகத்தால் தட்டிக் காட்டி.

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“டப்பாவுல முப்பத்தாறுன்னுதானே போட்டிருக்கு?”

“ஃபிலிம் முப்பத்தாறுதான். ஆனா இது ஹாஃப் ஃப்ரேம் கேமராவாச்சே. ஒரு படம் விழுற இடத்துல ரெண்டு எடுக்கும். அதுக்காகத்தானே சார் எல்லாரும் இதைத் தேடி வாங்குறாங்க?”

அவரும் அதற்காகத்தான் வாங்கினார். ஒன்றுக்கு இரண்டு என்றால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிற ஆள் அவர். ‘ஃபிலிம் கேமரா மறுபடி வந்துவிட்டது, புத்தம் புதுசு, ஒரு ரோலில் இரண்டு ரோல் எடுக்கலாம்’ என்று விளம்பரம் பார்த்த அன்றே சொல்லி வைத்துவிட்டார். ஒரு ரோலில் இரண்டு ரோல் எடுக்கலாம் என்றால், இரண்டு ரோலையும் எடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

“எடுத்த ஆறை மட்டும் கழுவிக் கொடுக்க முடியாதா?”

“தாராளமா. சுத்தி வெளியில எடுத்துடலாம். மீதி அறுபத்தாறும் வீணாப் போகும், பரவாயில்லையா?”

வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருப்பார்கள். மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. இருமல் நின்ற பிறகும் மருந்துப் பாட்டிலைக் குடித்துக் காலி செய்கிறவர் அவர். சினிமா அறுவை என்று தெரிந்தாலும், திரையில் கடைசிப் பெயர் ஓடி மறைந்த பிறகுதான் எழுந்திருப்பார். கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்துவிட்டால், நடுவில் பஸ் வீட்டு வாசலிலேயே நின்றாலும் இறங்க மாட்டார். கடைசி வரை போய்விட்டுத் திரும்பி நடந்து வருவார்.

“முடிச்சே கொண்டு வர்றேன். ஆனா சனிக்கிழமை காலையில படம் என் கையில இருக்கணும்.”

“வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள கொடுத்தீங்கன்னா ஆயிடும். இன்னொண்ணு சார். இந்தக் கேமராவை நாம சாதாரணமாப் பிடிச்சா படம் நெட்டுக்குத்தாத்தான் விழும். அகலமா வேணும்னா கேமராவைத் திருப்பிப் பிடிக்கணும்.”

“எங்க மாமாவுக்கு நெட்டுக்குத்துதாம்மா சரி. ஆறடி ஆளு.”

மாப்பிள்ளை என்பது அவர் பெயர் இல்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்வது அவர் வேலை. ‘மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா?’ என்று நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று வருடமாக வீட்டில் மாமனார் இருக்கிறார். அவர் ‘மாப்பிள்ளை, மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் இவர் மாப்பிள்ளையாகிவிட்டார்.

மாமனார் சிரிக்க மாட்டார். கோபக்காரர் என்று அர்த்தமில்லை. பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜனங்கள் கொண்டுவரும் போட்டோக்களைப் பார்த்து, ‘பல் தெரியுது, வேற எடுத்துட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பியே காலம் தள்ளியவர். அந்த வேலை முகத்தில் படிந்துவிட்டது. யாராவது செல்போனை உயர்த்தினால் போதும். தானாகக் கழுத்து நிமிரும், வாய் மூடும், இரண்டு காதும் தெரிகிற மாதிரி தலை நேராகும். மகள் கல்யாண ஆல்பத்தில்கூட எல்லாப் பக்கத்திலும் பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரியே நிற்கிறார்.

“எங்கப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்லைங்க” என்பாள் மனைவி. “கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை சிரிச்சார்னு எங்கம்மா சொல்லுவாங்க. அதுவும் அடுத்தவங்க சொல்லிக் கேள்விப்பட்டதுதான்.”

போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அதிசயம் நடந்தது.

புதுக் கேமராவைப் பிரித்து, ஃபிலிமை மாட்டி, நாலு படம் சுவரையும் மேஜையையும் எடுத்துப் பார்த்தார் மாப்பிள்ளை. ஃப்ளாஷ் எரிகிறதா என்று சந்தேகம் வந்தது. கேமராவைத் தன் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்து, பொத்தானை அழுத்தினார். ஃப்ளாஷ் நன்றாகவே எரிந்தது. கண் இருட்டி, இரண்டு எட்டு பின்னால் வைத்து, துவைத்து மடிக்காமல் வைத்திருந்த துணிக்கூடைக்குள் ‘தொப்’பென்று உட்கார்ந்தார். கால் இரண்டும் மேலே. மீதி ஆள் கூடைக்குள்.

“மாப்பிள்ளை!” என்று ஓடிவந்து கை கொடுக்கக் குனிந்தார் மாமனார். குனிந்தவரின் வாய் கோணியது, மூக்கு விடைத்தது, அப்புறம் மடை உடைந்த மாதிரி ஒரு சிரிப்பு. பல் தெரிந்தது. அத்தனை பல்லும் தெரிந்தது. மாப்பிள்ளை படுத்தபடியே ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளி, பொத்தானை அழுத்தினார்.

அதுதான் ஆறாவது படம்.

சத்தம் கேட்டு மனைவி வந்து பார்ப்பதற்குள் முகம் மறுபடி பாஸ்போர்ட்டாகிவிட்டது.

“சிரிச்சது அப்பாவா?” என்று நம்பாமல் கேட்டாள். “நிஜமா படம் எடுத்தீங்களா? எனக்கு அது வேணுங்க. அப்பா ஊருக்குப் போறதுக்குள்ள வேணும்.”

சனிக்கிழமை சாயந்திரம் விமானம். வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகளுக்குப் பிரசவ நேரம். இனி அங்கேயே இருந்துவிடுவார் என்றுதான் பேச்சு.

மாப்பிள்ளைக்கும் அந்தப் படம் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் முதுகெலும்பு பிசகிப் படுக்கையில் விழுந்தபோது, பத்து நாள் உதவிக்கு என்று வந்தவர் மாமனார். திருப்பிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, மகள் வேலைக்குப் போன நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டினார். வாடகைக்கு வீடு விளம்பரத்தைக்கூட விடாமல் படித்தார். எழுந்து நடந்த நாளிலிருந்து ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை பார்க்கிறார். “மாமா, உங்களுக்கு நான்…” என்று ஆரம்பித்தால், “அது கிடக்கட்டும், மாத்திரை போட்டாச்சா?” என்று அந்த முகம் கேட்கும். பேச்சு அங்கேயே செத்துவிடும். வாயால் முடியாததைப் படத்தால் செய்துவிடலாம் என்று நினைத்தார்: ஒன்று மகளுக்கு, ஒன்று அவர் பெட்டியில்.

ஆக, மீதி அறுபத்தாறையும் தீர்த்தாக வேண்டும்.

மறுநாள் கண்ணாடிக் கடையில் ஆரம்பித்தார். அலமாரி, நாற்காலி, எழுத்துப் பலகை என்று எடுத்துக்கொண்டே வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், ஃப்ளாஷ் அடித்ததும், “திறந்திருந்த கண்ணும் போச்சு” என்று எழுந்துவிட்டார். முதலாளி வெளியே வந்து, “இங்க கண்ணைச் சரி பண்ணத்தான் சம்பளம் கொடுக்கிறேன்” என்றார். அத்தோடு கடையில் படப்பிடிப்பு முடிந்தது.

சாயந்திரம் குடியிருப்புக்கு வந்தார். படி இறங்கும்போதே பின்னால் செருப்புச் சத்தம்.

“நானும் வர்றேன் மாப்பிள்ளை. கால் நடந்த மாதிரியும் ஆச்சு” என்றார் மாமனார்.

குப்பைத்தொட்டியிலிருந்து தொடங்கினார்கள். மூக்கை ஒரு கையால் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பி, இன்னொரு கையால் கேமராவை நீட்டி மாப்பிள்ளை அழுத்தினார். குப்பைத்தொட்டிக்குக் கோணம் பார்த்து என்ன ஆகப்போகிறது? மாமனார் தொட்டிக்கு அந்தப் பக்கம், முதுகுக்குப் பின்னால் கை கட்டி, மேற்பார்வை பார்ப்பதுபோல் நின்றார். அடுத்து சாக்கடை மூடி. அடுத்து படிக்கட்டை அடைத்துக்கொண்டிருந்த செருப்பு அலமாரி. அடுத்து எரியாத விளக்கு. அடுத்து உடைந்த குழாய். மாமனார் ஒவ்வொன்றுக்கும் கூடவே வந்தார்.

நாலைந்து படம் ஆனதும் குடியிருப்பின் செயலாளர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

“என்ன சார் பண்றீங்க?”

“படம் எடுக்கிறேன்.”

“உடைஞ்ச குழாயையா?”

“குழாய்னு இல்லை. எது கிடைச்சாலும் சரி. இன்னும் நாப்பது எடுத்தாகணும்.”

செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. “நாப்பதா? யாருக்கு சார் அனுப்பப் போறீங்க?”

“யாருக்கும் இல்லை. வீட்டுல வெச்சுக்கத்தான்.”

உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? “இந்தக் காலத்துல செல்போனை விட்டுட்டு ஃபிலிம் கேமராவுல எடுக்கிறீங்க. ஃபிலிம்னா அழிக்க முடியாது, மாத்த முடியாது, கோர்ட்டுலயே செல்லும். எனக்குத் தெரியாதா சார்?” என்றார் செயலாளர். “வர்ற மாசம் சங்கத் தேர்தல்ல நிக்கிறீங்களா? நேரடியா சொல்லிடுங்க.”

“அய்யோ, நான் ரோலை முடிக்கணும் சார். அவ்வளவுதான்.”

“என்னை முடிக்கணும்னு சொல்றீங்க. புரியுது.”

அவர் பேசப் பேச, மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தபடியே கையை மட்டும் குழாய்ப் பக்கம் நீட்டி ‘கிளிக்’, ‘கிளிக்’ என்று அழுத்திக்கொண்டிருந்தார். நேரத்தை வீணாக்க முடியாது அல்லவா? செயலாளர் ஒவ்வொரு கிளிக்குக்கும் கூசிக் குறுகினார். குழாய்க்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது. மாப்பிள்ளை திரும்பியபோது மாமனார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்லை. தூசி” என்றார் மாமனார், தொண்டை அடைத்த குரலில்.

மாப்பிள்ளைக்கு நெஞ்சு கனத்துவிட்டது. மூன்று வருடம் நடந்து பழகிய இடம். குழாயைப் பார்த்தால்கூடப் பிரியப் போகிறோமே என்று மனிதருக்கு அழுகை வருகிறது.

அடுத்த நாள் காலையில் குடியிருப்பு அடையாளமே தெரியவில்லை. குழாய் மாறியிருந்தது, குப்பைத்தொட்டிக்கு மூடி வந்திருந்தது, செருப்பு அலமாரி மாயமாகியிருந்தது. மூன்றாம் மாடி நர்ஸ் படியில் நிறுத்தி, “ரொம்ப நன்றி சார். டியூட்டி முடிச்சு இருட்டுல தடவித் தடவி ஏறுவேன். உங்களாலதான் விளக்கு எரியுது” என்றாள். கீழ்வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி சொல்ல வேண்டியவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லை. இங்கே செய்யாத காரியத்துக்கெல்லாம் நன்றி வந்து குவிகிறதே என்று மாப்பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தது.

அதைவிடப் பெரிய கஷ்டம், எடுக்க ஒன்றும் பாக்கி இல்லை. உடைந்ததைத் தேடி மொட்டை மாடிக்கு ஏறினார். செயலாளர் பெயின்ட் டப்பாவோடு பின்னாலேயே ஏறினார். மாப்பிள்ளை விரிசலைக் கண்டுபிடித்து அழுத்துவதற்குள், செயலாளர் குறுக்கே பாய்ந்து ஒரு பூச்சு பூசிவிடுவார். இவர் இந்த மூலைக்கு ஓட, அவர் அந்த மூலைக்கு ஓட, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓட்டப் பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. மாமனார் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார். மாப்பிள்ளை நெருங்கியதும் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் லேசாகக் குலுங்கியது.

மாப்பிள்ளை இதை மனைவியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார்.

“அழறாரா? அப்பாவா?” அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. “போக மனசே இல்லைங்க அவருக்கு. நாமதான் பெட்டியைக் கட்டித் துரத்துறோம்.”

நேராக அப்பாவிடம் போனாள். “அப்பா, உங்களுக்குப் போக இஷ்டம்தானே?”

“டிக்கெட் எடுத்தாச்சேம்மா” என்றார் அவர், பாஸ்போர்ட் முகத்தோடு.

“பார்த்தீங்களா? இஷ்டம்னு ஒரு வார்த்தை வரலையே வாயில” என்று அறைக்கு வந்து மூக்கை உறிஞ்சினாள். உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

“எனக்குப் பிரசவ வலி வரும்போது உனக்குச் சந்தேகம் வருதா?” என்று அக்கா அங்கிருந்து வெடித்தாள். “அப்பா என்னைக்குடி அழுதிருக்கார்? அவரை அனுப்ப உனக்குத்தான் மனசு இல்லை. அதுக்கு ஒரு கதை.”

“என் புருஷன் கண்ணால பார்த்திருக்கார்!”

“அவர் பார்த்த லட்சணம் தெரியாதா? என் மாமியாருக்கு அவர் கொடுத்த கண்ணாடியைத்தான் நான் பார்த்தேனே.”

போன் வைக்கப்பட்டது. அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள்.

அன்று சாயந்திரம்தான், மனம் கேட்காமல், கேமரா டப்பாவில் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தார் மாப்பிள்ளை. ஊருக்கெல்லாம் பொடி எழுத்துப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறவர், தன் கேமராவின் பொடி எழுத்தை அதுவரை படிக்கவில்லை. ‘ஒரு மீட்டருக்குக் குறைவான தூரத்தில் உள்ளவை தெளிவாக விழாது’ என்றிருந்தது. துணிக்கூடையில் உட்கார்ந்து, குனிந்த மாமனாரின் முகம் எங்கே இருந்திருக்கும் என்று டேப் வைத்து அளந்தார். முழங்கை நீளம்கூட வரவில்லை.

படம் கலங்கியிருக்கும். சிரிப்பை இன்னொரு தடவை எடுத்தாக வேண்டும்.

நல்ல வேளையாக இன்னும் சில படம் பாக்கி இருந்தது. மாமனாரை ஒரு மீட்டர் தள்ளி உட்காரவைத்து ஜோக் சொன்னார்.

“மாமா, ஒருத்தர் டாக்டர்கிட்ட போய், ‘எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது’ன்னாராம். டாக்டர், ‘அந்த நாற்காலியில உட்காருங்க’ன்னாராம். அவரு, ‘எந்த நாற்காலியில?’ன்னு கேட்டாராம்.”

மாமனார் யோசித்தார். “எத்தனை நாளா அப்படித் தெரியுதாம்?”

கடைசி முயற்சியாக, கேமராவைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, பின்னால் நடந்து வந்து, அதே துணிக்கூடையில் அதே மாதிரி ‘தொப்’பென்று விழுந்தார். கால் இரண்டையும் தூக்கிக்கூடக் காட்டினார்.

மாமனார் பதறி எழுந்தார். “முதுகுல மறுபடி பிடிச்சுக்கிச்சா மாப்பிள்ளை? அசையாதீங்க. அசையவே அசையாதீங்க.” அப்படியே தூக்கிக் கட்டிலில் கிடத்தி, தைலம் தேய்த்து, தலைமாட்டில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். “இரண்டு படுக்கையறை, காற்றோட்டமான வீடு” என்று படிக்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை படுத்தபடியே அவர் கையைப் பிடித்தார். “மாமா, உங்களுக்கு நான் எப்படி…”

“அது கிடக்கட்டும். தண்ணி குடிக்கிறீங்களா?”

வெள்ளிக்கிழமை, பெயின்ட் அடித்த வாசலில், செயலாளர் கைகூப்பி நின்றதையே மீதிக்கெல்லாம் எடுத்துத் தீர்த்தார். எழுபத்திரண்டு தாண்டியும் லீவர் நகர்ந்துகொண்டே இருந்தது. “கூட ரெண்டு மூணு விழும் சார், அது இனாம்” என்று கடைப் பெண் போனில் சொன்னாள். இனாமையும் விடாமல் எடுத்து முடித்து, ரோலைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மனைவி தீர்மானமாகச் சொன்னாள். “நாளைக்கு அந்தச் சிரிச்ச படத்தைக் கண்ணால பார்த்தேன்னா, இவரால சிரிக்கவும் முடியும்னு மனசைத் தேத்திக்கிட்டு அனுப்புவேன். இல்லைன்னா டிக்கெட்டை ரத்து பண்றேன். அழுற அப்பாவை விமானத்துல ஏத்த என்னால ஆகாதுங்க. அக்கா ஜென்மத்துக்கும் பேசலைன்னாலும் சரி.”

சனிக்கிழமை கடை திறக்கும்போதே மாப்பிள்ளை வாசலில் நின்றார்.

கடைப் பெண் கனத்த உறையை எடுத்துவந்து, மேலே இருந்த படத்தை நீட்டினாள். “ரெண்டு ரெண்டா ஒரே அட்டையில போட்டிருக்கேன் சார். ஹாஃப் ஃப்ரேமை அப்படித்தான் போடுறது. நீங்க கேட்ட ஆறாவது படம் இதுலதான் இருக்கு.”

இடது பாதியில், ராட்சச அளவில், மாப்பிள்ளையின் ஒற்றைக் கண். வலது பாதியில் கஞ்சியில் கரைத்த மாதிரி ஏதோ ஒன்று. வெள்ளையாக ஒரு கோடு. அது பல்லாகவும் இருக்கலாம், ஜன்னலாகவும் இருக்கலாம்.

‘மேல் வரியும் தெரியலை, கீழ் வரியும் தெரியலை’ என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு நன்றி, அதையும் கலக்கித் தொலைத்தாயிற்று.

போன் அடித்தது. மனைவி. “கிடைச்சுதா? நல்லா விழுந்திருக்கா? அப்பா பெட்டி மேல உட்கார்ந்திருக்கார். ரத்து பண்ணணும்னா இப்பவே பண்ணணும். சொல்லுங்க.”

“ஒரு நிமிஷம் இரும்மா” என்று போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, உறையைக் கடைப் பெண் பக்கமே தள்ளினார்.

“மிச்சப் படமெல்லாம் வேண்டாம்மா. குப்பைத்தொட்டியும் குழாயும்தான். தூக்கிப் போட்டுடு.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ‘மிச்சம் வேண்டாம்’ என்ற வார்த்தை வந்தது. சொல்லிவிட்டுப் படி இறங்கப் போனார்.

“தூக்கியா போடச் சொல்றீங்க?” என்றாள் கடைப் பெண், அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் விரித்துக்கொண்டே. “உங்க இஷ்டம் சார். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. குப்பைத்தொட்டியை எடுத்தாலும் குழாயை எடுத்தாலும் பின்னாடியே நின்னுக்கிட்டு, கைக்குட்டையால கண்ணைத் துடைச்சுத் துடைச்சு, உங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாரே ஒரு ஆறடிப் பெரியவர், யாரு சார் அவரு?”